நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஆய்வு மாணவர் சேவைப் பிரிவு
பிப்ரவரி 3

அம்மையீர்,

பொருள்: பழைய கோப்புகளை அழித்தல் – தங்கள் சம்மதம் கோருதல்.

எங்கள் பிரிவு ஏப்ரலில் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது. பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கடந்தவர்களின் கோப்புகளை அழித்துவிடுவது என்று முடிவாகியுள்ளது. முக்கியமான தாள்களின் நகல்கள் தேர்வுப் பிரிவில் உள்ளன. தங்கள் கோப்பு எண் 217. இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் கோப்பு அழிக்கப்படும். சம்மதம் இல்லையெனில் விதி 9இன்படி கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிட்டு, பட்டியல் எடுத்து, தங்களுக்கு அனுப்ப வேண்டும். அது எங்களுக்குக் கூடுதல் வேலை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்பாளர்

பி.கு. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உனக்குச் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.


பிப்ரவரி 9

அண்ணா,

'அம்மையீர்' என்று பார்த்ததும் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து மேஜையில் போட்டுவிட்டேன். உன் மாப்பிள்ளைதான் எடுத்துப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் உன்ன அழிக்கறதுக்கு உன்கிட்டயே கையெழுத்துக் கேக்கறார்" என்று சிரித்தார்.

போனில் கேட்டிருக்கலாமே என்றும் சொன்னார். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடைசியாக வைத்தது நீ. நான்கு வருஷம் ஆகிறது. கடிதமே நல்லது.

எனக்குச் சம்மதம் இல்லை.

காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். உன் ஆய்வுப் பதிவு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. நீ அப்பாவை விட்டு நகர முடியாமல், கால நீட்டிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்தாய். நானும் அப்போது அங்கேதான் அதே வழிகாட்டியிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மறுநாளே கொண்டுபோய் ஆபீஸ் ஜன்னலில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, உன் கோப்பில் அப்படி ஒரு கடிதமே இல்லை என்றார்கள். உன் பதிவு ரத்தானது. நான் தொலைத்துவிட்டேன் என்று நீ முடிவு கட்டினாய். பத்தொன்பது வருஷமாக உன் முடிவும் மாறவில்லை, என் பதிலும் மாறவில்லை. கொடுத்தேன்.

அந்த இடத்தில் நான் ஆறு வருஷம் இருந்ததற்குச் சாட்சி 217ஆம் கோப்புதான். பக்கம் பக்கமாக எண்ணிப் பட்டியல் அனுப்பு. வேறு யார் தலையிலும் கட்டாதே. நீயே உட்கார்ந்து எண்ணு.

அம்மாவிடம் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

தங்கை


பிப்ரவரி 16

உனக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான்காவது இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை உன் கோப்பை எடுத்தேன். எரிச்சலோடுதான் எடுத்தேன், மறைக்கவில்லை. சேர்க்கைக் கடிதம் ஒன்று, நூலக அட்டை விண்ணப்பம் இரண்டு, விடுதி மாற்றம் மூன்று என்று பென்சிலால் எண் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டு உன் ஆறாவது அரையாண்டு அறிக்கை. நாற்பத்து மூன்றில் என் கையெழுத்து இருந்தது.

என் கடிதம். 'தந்தையின் உடல்நிலை காரணமாக' என்று தொடங்குகிற அதே கடிதம். மேல் மூலையில் ஆபீஸ் முத்திரை, தேதி பதினான்கு. பதினைந்துக்கு ஒரு நாள் முன்னால். முத்திரைக்குக் கீழே 'கொண்டு வந்தவர்' என்ற இடத்தில் உன் கையெழுத்து, அந்த வால் நீண்ட கையெழுத்து.

நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என் உதவியாளர் அம்மாள், "சார், பாம்பு கீம்பு இருக்கா?" என்று கேட்டாள்.

எப்படி நடந்தது என்பதும் பிடிபட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு ஒரு பழக்கம். கடிதத்தைப் படிக்கவே மாட்டார். கொண்டு வந்தவர் கையெழுத்தைப் பார்ப்பார், அவருடைய கோப்பில் செருகுவார். மாணவர்கள் எப்போதும் தங்கள் கடிதத்தைத் தாங்களேதான் கொண்டு வருவார்கள், அதனால் இருபது வருஷம் அவர் தப்பே செய்யவில்லை. செய்த ஒரு தப்பு என்னுடையது. நேற்று மாலைக்குள் நாற்பது கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், வேறு ஒன்று கூட இல்லை. இருபது வருஷத்தில் ஒரே ஒரு ஆள் மாட்டியிருக்கிறான், அவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். சென்ற வருஷம், பாதியில் பதிவு ரத்தானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு திட்டம் வந்தது. அலுவலகத்தின் தவறால் பதிவு போனவர்கள், ஆதாரத்தோடும் ஆய்வேட்டின் முழு வரைவோடும் மார்ச் 31க்குள் விண்ணப்பித்தால், பழைய பதிவு எண்ணிலேயே தொடரலாம். திட்டத்தை எழுதியவன் நான். வரி வரியாக எழுதினேன். பதிவாளர் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார், அது வேறு கதை. இதுவரை ஒன்பது பேரை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். ஒரு பள்ளித் தலைமையாசிரியை, ஐம்பத்து மூன்று வயது, அவருக்காக வழிகாட்டி தேடி நான்கு துறைகள் ஏறி இறங்கினேன். சேர்ந்த அன்று ஜன்னலுக்கு வெளியே நின்று அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விண்ணப்பிக்கலாம் என்று தோன்றியதே இல்லை. ஆதாரம் இல்லாதவன் நான் என்று அல்லவா இருந்தேன்.

இன்று காலை பதிவாளரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க கோப்புக்குள்ள எப்படிப் போச்சு? கொண்டு வந்தவங்ககிட்ட ஒரு உறுதிமொழி வாங்கிட்டு வாங்க" என்றார்.

ஆகவே ஒரு வரைவு இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். உடனே அனுப்பு.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணா,

பக்கம் நாற்பத்து மூன்று. அந்த வரியை நின்றுகொண்டே படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. உன் மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு உன் வரைவைப் படித்தேன். 'அலுவலக நடைமுறை அறியாத காரணத்தால், கடிதம் உரிய கோப்பில் சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் திரும்பிவிட்டேன்' என்று எனக்காக நீ எழுதியிருக்கிறாய். அதாவது, குமாஸ்தா செய்த தப்பில் பாதியை இப்போதும் என் பக்கம் தள்ளிவிட்டாய். பழக்கம் விடவில்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

அப்பா போன மறுவாரம், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, "இவளை நம்பிக் கொடுத்தேன், என் வாழ்க்கையையே தொலைச்சுட்டு வந்து நிக்கறா" என்றாய். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. நான் பட்டம் வாங்கிய அன்று நீ வரவில்லை. அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் வரவில்லை. அரங்கத்தில் எனக்குக் கை தட்டியது விடுதி வார்டன் மட்டும்தான். இவ்வளவுக்கும் உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. 'பொறுத்துக்கொள்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் கோணல் எழுத்துக்காக.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். வாங்கி எங்கே வைப்பது. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்.

நீ அந்த ஆபீஸில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. கோப்பு அலமாரி உன் நாற்காலிக்குப் பின்னால் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். யாருக்கு எந்தத் தாள் தொலைந்தாலும் நீதான் தேடிக் கொடுப்பாயாம். பதினாறு வருஷத்தில் என் கோப்பை ஒரு தடவை ஏன் திறக்கவில்லை?

பதில் வந்தபின் உறுதிமொழியைப் பற்றி யோசிக்கிறேன்.

தங்கை


மார்ச் 2

உனக்கு,

ஒரு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் இல்லை. கோபமாக இருந்தால் அன்றே எழுதியிருப்பேன், உனக்குத் தெரியும்.

அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால்தான். உன் கோப்பு இரண்டாவது தட்டில், இடது ஓரம். 216ஐ ஐந்தாறு முறை எடுத்திருக்கிறேன். 218 ஒரு வழக்கு விவகாரம், அதை எத்தனை முறை என்று எண்ணவே முடியாது. எடுக்கும்போதெல்லாம் 217 கையோடு ஒட்டிக்கொண்டு வரும். விரலால் உள்ளே தள்ளுவேன். முதல் வருஷம் வீம்பு, ஒப்புக்கொள்கிறேன். அவள் பட்டம் வாங்கிய காகிதத்தை நான் ஏன் தொட வேண்டும் என்றுதான். பிறகு அது வீம்பு இல்லை.

பயம்.

உள்ளே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எனக்கு யார் யார் மேல் கோபம் என்று உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் என் கடிதங்களுக்குப் பதிலே போடாத வழிகாட்டி. மூன்று பதிவாளர்கள். என்னோடு சேர்ந்து படித்து, இன்று துறைத் தலைவராகி, என்னை எல்லார் முன்னாலும் "தம்பி, அந்தப் படிவம் என்னாச்சு?" என்று கேட்கிறவன். இவர்கள் எல்லாரும் கிளைகள். அடிமரம் நீ. நீ தொலைக்கவில்லை என்றால் நான் இத்தனை வருஷம் எதில் சாய்ந்துகொண்டு நின்றேன்?

அதனால் திறக்கவில்லை. நீ சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தால் திறக்காமலே இயந்திரத்தில் போட்டு அரைத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். யார் எந்தத் தாளைக் கொடுத்தாலும் கையோடு ஒப்புகைச் சீட்டு. என்ன தாள், யாருடையது, யார் கொண்டு வந்தது, எந்தக் கோப்பு. இங்கே எனக்குப் பெயரே 'சீட்டு சார்' தான். விடுப்புக் கடிதத்துக்கும் சீட்டு, குடை மறந்துவிட்டுப் போனாலும் சீட்டு. உன் மேல் இருந்த கோபத்தில்தான் அதைத் தொடங்கினேன். அன்று உன் கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால், கூடத்தில் நான் பேசும்போது நீ அதை என் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கலாம். இது எனக்குச் சென்ற வாரம்தான் உறைத்தது.

உறுதிமொழி பற்றிக் கவலைப்படாதே. முழு வரைவு வேண்டும் என்று நானே எழுதி வைத்த நிபந்தனையில் நானே மாட்டிக்கொண்டேன். என் அத்தியாயங்களைப் பதிவு ரத்தான மாதமே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அளவீட்டு நோட்டுகள் மட்டும் பரணில் இருக்கின்றன. இருபத்தொன்பது நாளில் நான்கு அத்தியாயத்தைத் திரும்ப எழுத முடியாது. பரவாயில்லை. நிஜமாகவே பரவாயில்லை. பத்து நாளாகக் காலையில் எழுந்தால் யார் மேலும் கோபம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அம்மா பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்கிறாள்.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

செடிக்கு அளவாக ஊற்று. அழுகிவிடும்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. உன் நான்கு அத்தியாயங்களும் என்னிடம் இருக்கின்றன.

நீ எழுத எழுதத் தட்டச்சு செய்து கொடுத்தது யார்? ஒவ்வொன்றிலும் கார்பன் நகல் எடுத்து வைத்தேன். மூன்று வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன் மாப்பிள்ளை, "இந்தக் குழாய் உப்பையும் தூக்கிட்டுப் போகணுமா?" என்பார். தூக்கிக்கொண்டுதான் போனேன். உன் மேல் பாசத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே. என்றைக்காவது நீ வந்து என் முன்னால் நின்று கேட்டால், 'தொலைக்கிறவள் இல்லை நான்' என்று எடுத்து மேஜையில் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். உனக்கு மட்டும்தான் வீம்பு வரும் என்று நினைத்தாயா.

நேற்று முழுவதும் படித்தேன். தண்ணீர்க் குழாயின் உள்சுவரில் உப்பு எப்படிப் படிகிறது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள். இன்று என் மாணவர்களில் ஒருத்தரும் இவ்வளவு பொறுமையாக அளக்க மாட்டார்கள். படிவதைப் பற்றி ஆராயச் சரியான ஆள் நீதான், உள்ளே எதையும் கரைய விடமாட்டாய்.

ஐந்தாவது அத்தியாயம் மட்டும் இல்லை. அது எழுதப்படவே இல்லை. படிவு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியோடு நான்காவது முடிகிறது. அதற்கு உனக்கு மூன்று வாரம் இருக்கிறது.

உறுதிமொழியை என் வார்த்தையில் எழுதிவிட்டேன். நான்கு வரி. கொடுத்தேன், பதினான்காம் தேதி காலை பதினொரு மணி, இரண்டாவது ஜன்னல், குமாஸ்தா வெற்றுப் பார்வையோடு வாங்கினார். அவ்வளவுதான்.

தபாலை நம்பி அனுப்ப மாட்டேன். உன் ஆபீஸை அதைவிட நம்ப மாட்டேன். 26ஆம் தேதி நானே கொண்டு வருகிறேன். சீட்டு கொடுக்க வேண்டும்.

தங்கை


மார்ச் 18

உனக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ எல்லாத்தையும் வெச்சிருப்பான்னு எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்றேன். "உன்கிட்ட யார் பேச முடியும்?" என்றாள். சொட்டு மருந்து போட்ட கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

ஐந்தாவது அத்தியாயம் வந்துகொண்டிருக்கிறது. வந்துகொண்டிருக்கிறது என்றால் ஓடி வருகிறது. நடந்ததைக் கேள்.

பழைய கட்டடத்தைக் காலி செய்கிறார்கள் அல்லவா, திங்கட்கிழமை காலை பிளம்பர்கள் தண்ணீர்க் குழாய்களை அறுத்து முற்றத்தில் போட்டிருந்தார்கள். ஆபீஸுக்குள் போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். அறுத்த வாயில் வளையம் வளையமாகப் படிவு, மரத்தை அறுத்தால் தெரியுமே அப்படி. முப்பத்தொரு வருஷத்துக் குழாய். எந்த வருஷம் போட்டது, எந்தக் கிணற்றுத் தண்ணீர், எல்லாம் என் அலமாரியில் கட்டடக் கோப்பாக இருக்கிறது. நான்கு வருஷ மாதிரிகளை வைத்துக்கொண்டு அன்று நான் திணறினேன், எனக்கு வேண்டியிருந்தது வயது தெரிந்த ஒரு கிழட்டுக் குழாய். அது என் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிளம்பரிடம் ஆறு துண்டு கேட்டேன். "இது எதுக்கு சார், அடைச்சுக் கெடக்கற குழா" என்றார். கொடுத்தார். அவருக்கும் சீட்டு கொடுத்தேன்.

வேதியியல் கூடத்தில் அளந்து பார்த்தோம். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் படிவு தடிக்கிறது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. வழி குறுகக் குறுகத் தண்ணீர் வேகமெடுக்கிறது, அந்த வேகமே மேல் அடுக்கை அரித்து எடுத்துப் போகிறது. போடுவதும் அரிப்பதும் சமமாகி அப்படியே நின்றுவிடுகிறது. முழுக்க அடைபடுவதே இல்லை. அன்று நான் நேர்மாறாக அல்லவா எழுதத் திட்டமிட்டிருந்தேன். அன்றே முடித்திருந்தால் தப்பான முடிவோடு பட்டம் வாங்கியிருப்பேன். யாரிடமும் சொல்லாதே.

காலை நான்கரைக்கு எழுந்து எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்து மற்றவர்கள் வேலையைப் பார்க்கிறேன். துறைத் தலைவர் நேற்று, "தம்பி, முகமே மாறிப்போச்சே" என்றான். "ஆமாம் தம்பி" என்றேன்.

என் விண்ணப்பத்தை நானே வாங்கக் கூடாது. உதவியாளர் அம்மாள்தான் ஜன்னலில் இருப்பாள். 26ஆம் தேதி இரண்டாவது ஜன்னலுக்கு வா. இடம் மாறவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, நான் எங்கே நிற்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அம்மா மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையையும் அழைத்து வா.

அண்ணன்


ஏப்ரல் 6

தங்கைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. அம்மா இன்னும் உன் தட்டையும் எடுத்து வைக்கிறாள்.

நேற்று உத்தரவு வந்தது. பதிவாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய பதிவு எண்ணேதான், 209. கோப்புக்கும் அதே எண். உதவியாளர் அம்மாள் அடையாள அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினாள். வெளியே நின்று வாங்கினேன். தலைமையாசிரியை ஏன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று புரிந்தது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் பார்க்கத் தோன்றுகிறது.

ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறது. என்ன சொல்வார்களோ சொல்லட்டும்.

நீ வந்த அன்று ஜன்னலில் உறுதிமொழிக்கு ஒரு சீட்டு, அத்தியாயங்களுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டாய். பையில் வைக்கும்போது என்னைப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டாய். நான், "ரெண்டு தாள்தானே கொடுத்த" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். மூன்றாவது எது என்று எனக்கு விளங்கப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது. நான் அவ்வளவுதான், உனக்குத் தெரிந்ததே.

இணைத்திருக்கிறேன். நாங்கள் புதிய கட்டடத்துக்கு மாறுமுன் பழைய சீட்டுப் புத்தகத்தில் மீதியிருந்த கடைசித் தாள். பத்திரமாக வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன்


ஒப்புகைச் சீட்டு

தாள்: கால நீட்டிப்புக் கடிதம், ஒரு பக்கம்.
யாருடையது: பதிவு எண் 209.
கொண்டு வந்தவர்: அவன் தங்கை.
பெற்ற நாள்: பதினான்காம் தேதி, காலை பதினொரு மணி. கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பு.
சேர்க்கப்பட்ட கோப்பு: 217. இன்று 209க்கு மாற்றப்பட்டது.
குறிப்பு: கடிதம் உரிய நேரத்தில், உரிய இடத்தில் கொடுக்கப்பட்டது. கொண்டு வந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இந்த ஒப்புகையைத் தரப் பத்தொன்பது ஆண்டுகள் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

பெற்றுக்கொண்டவர் கையொப்பம்: அண்ணன்